பதினைந்தாவது லோகோ

உலகத்தில் வேலை செய்கிறவர்கள் உண்டு. செய்யாமல் டிமிக்கி கொடுக்கிறவர்களும் உண்டு. இந்த இரண்டு கூட்டத்திலும் சேராமல், வேலை செய்ய நினைக்கிற எல்லோரையும் ஒரே மேடையில் ஏற்றிக் கைகோத்து நிற்கவைத்து, அதிலேயே வேலை முடிந்துவிட்டது என்று பூரித்துப்போகிற ஓர் இனம் இருக்கிறது பாருங்கள், அதைப் பற்றித்தான் இப்போது பேச்சு. இந்த இனத்துக்குக் கைகுலுக்கி என்று பெயர். பெயர் நான் வைத்ததல்ல. நம் கைகுலுக்கியின் சொந்த அக்காவே வைத்தது.

நம்மவர் பசுமைக் கட்டட மன்றம் ஒன்றின் செயலாளர். மன்றத்துக்கு ஓர் அறை, இரண்டு நாற்காலி, ஒரு சுவர். சுவர் நிறையப் படங்கள். நாற்பத்தொரு படங்களிலும் அவருடைய கை யாரோ ஒருவருடைய கையில் இருக்கிறது. கண் மட்டும் கேமராவில் இருக்கிறது. "இவர் யாருங்க?" என்று ஏதாவது ஒரு படத்தைக் காட்டிக் கேட்டுவிடாதீர்கள். பாவம், அவருக்கும் தெரியாது.

சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. ஒன்று தனக்கு. இன்னொன்று, "அடடா, பேனா கொண்டு வரலையே" என்று எதிராளி நழுவிவிடாமல் இருப்பதற்கு. ஒருமுறை சூரிய அடுப்புச் சங்கத்துக்காரர் ஒருவரோடு லிஃப்டில் மாட்டிக்கொண்டார். பத்து நிமிடம் கழித்து மெக்கானிக் வந்து கதவைத் திறந்தபோது, உள்ளே புரிந்துணர்வு ஒப்பந்தமே கையெழுத்தாகியிருந்தது. சாட்சிக் கையெழுத்துக்கு மெக்கானிக்கைப் பிடித்துக்கொண்டார்கள்.

அப்படி என்னதான் எழுதியிருக்கும் அதில்? இரு தரப்பும் ஒத்துழைக்கும் என்பது முதல் பிரிவு. எதில் ஒத்துழைப்பது என்பதைப் பிறகு கூடிப் பேசி முடிவு செய்யலாம் என்பது இரண்டாவது பிரிவு. அந்தப் 'பிறகு' இதுவரை வந்ததில்லை. வந்தால்தானே வம்பு!

கருத்தரங்கு என்றால் மனிதருக்குத் தலைகால் புரியாது. 'கட்டடத்துக்குள் இயற்கை வெளிச்சமும் காற்றும்' என்று தலைப்பு போட்டு, நடுப்பகலில் எல்லாத் திரைச்சீலையையும் இழுத்து மூடி, நாற்பது விளக்கும் ஏசியும் போட்டு, குளிரில் நடுங்கிக்கொண்டே, "நாம தனித்தனியா நின்னா நடக்காதுங்க. சேரணும்!" என்பார். சபையும் கைதட்டும். கை சூடாவதற்கு வேறு வழி?

இப்படியே போயிருந்தால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் கைகுலுக்கிக்கு ஓர் அக்கா இருந்தாள். அவள் தொழிற்பயிற்சிக் கூடத்தில் சோலார் மாட்டக் கற்றுத்தரும் ஆசிரியை. அவளிடம் பன்னிரண்டு பேர் படித்தார்கள். ஒரு தையல்காரி, ஒரு லாரி டிரைவர், கைக்குழந்தைகளை அம்மாவிடம் விட்டுவிட்டு வருகிற இரண்டு பெண்கள், இப்படி எட்டு மாதமாக வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி வந்தவர்கள். மொட்டை மாடியில் பேனல்களை அவர்களேதான் மாட்டினார்கள். பரீட்சையன்று காலை பத்து மணிக்கு அந்தப் பேனல் தருகிற மின்சாரத்தில் மோட்டார் ஓடித் தண்ணீர் மேல்தொட்டிக்கு ஏற வேண்டும். ஏறினால் சான்றிதழ். ஏறாவிட்டால் வகுப்பையே மூடிவிடுவதாக மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள்.

தம்பி சும்மா இருப்பாரா? அக்கா வகுப்புக்காகப் பதினான்கு அமைப்புகளைச் சேர்த்து ஒரு மகா கூட்டமைப்பே உண்டாக்கிவிட்டார். பதினான்கும் சேர்ந்து கொடுத்தது ஒரு போர்டு. அவ்வளவுதான். மொட்டை மாடியில், தெருவில் போகிறவர் கண்ணில் படும்படி, பதினான்கு லோகோக்களோடு இரண்டு ஆள் உயரத்துக்கு நிமிர்ந்து நின்றது அது. தெருப் பக்கமும் வெயில் வருகிற பக்கமும் ஒன்றே என்பதைப் பசுமைக் கட்டட நிபுணர்கள் பதினான்கு பேரில் ஒருவரும் கவனிக்கவில்லை.

பரீட்சைக்குப் பத்து நாள் முன்னால் அக்கா போன் செய்தாள்.

"டேய், உன் போர்டோட நிழல் காலையில முழுக்க என் பேனல் மேல விழுதுடா. ஒரு பேனல்ல நிழல் விழுந்தாலே வரிசை மொத்தமும் படுத்துக்கும். மோட்டார் முக்குது, முனகுது, சுத்த மாட்டேங்குது."

"அப்படியாக்கா?"

"அதைக் கழட்டுடா, புண்ணியமாப் போகும்."

"எப்படிக்கா முடியும்? ஏழாவது பிரிவு இருக்கே. எல்லாரும் எழுத்துல சம்மதிக்காம போர்டுல கை வைக்கக் கூடாது. மீறினா மாடியை விட்டே வகுப்பை வெளியேத்தலாம்னு இருக்கு. நீயும்தானே கையெழுத்து போட்டே?"

"தம்பி ஆசைப்படுறானேன்னு போட்டேன்! அந்தப் பிரிவை எந்தப் பிரகஸ்பதி எழுதினான்?"

பிரகஸ்பதி போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டார்.

ஆனாலும் அக்கா மேல் அவருக்கு உயிர். அன்றைக்கே கூட்டம் போட்டார். மூன்று மணி நேரம் பேசினார்கள். நிழல் என்பது ஆழ்ந்து ஆராய வேண்டிய விஷயம் என்று ஏகமனதாக முடிவானது. அதற்கென்றே நிழல் ஆய்வு மையம் ஒன்று இருப்பதாக ஒருவர் நினைவூட்ட, கைகுலுக்கியின் முகம் மலர்ந்தது. மறுநாளே இரண்டாவது பேனா வெளியே வந்தது. நிழல் ஆய்வு மையம் பதினைந்தாவது கூட்டாளி ஆனது. லோகோ வைக்கப் போர்டில் இடமில்லை. என்ன செய்வது? மேலே இன்னொரு வரிசை ஏற்றினார்கள். நல்ல பெரிய லோகோ. அதுவரை தப்பித்திருந்த பின்வரிசைப் பேனல்களுக்கும் நிழல் கிடைத்தது.

பரீட்சை நாள். கைகுலுக்கியும் மாடிக்கு வந்திருந்தார். பரீட்சை அதிகாரி சிரிக்காத மனுஷி. மணிக்கட்டைப் பார்த்து, "போடுங்க" என்றாள். தையல்காரி சுவிட்சைப் போட்டாள். மோட்டார் ஒருமுறை செருமிவிட்டு அடங்கியது. பன்னிரண்டு பேர் முகமும் செத்துப்போயிற்று. "கால் மணி நேரம் தர்றேன், அதுக்கு மேல முடியாது" என்றாள் அதிகாரி.

அக்கா திட்டவில்லை. தம்பியைப் பார்த்தாள், அவ்வளவுதான். திட்டியிருந்தால் அவர் இன்னொரு கூட்டத்துக்குத் தேதி குறித்திருப்பார். அந்தப் பார்வைக்கு என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பையைத் தடவினார். இரண்டு பேனா. ஒன்றாலும் போல்ட் கழற்ற முடியாது.

"ஸ்பானர் இருக்கா?" என்றார்.

அந்தக் கேள்வியை அவர் வாழ்நாளில் கேட்டதே இல்லை. டிரைவர் நீட்டினார். ஏழாவது பிரிவையும் மறந்து கைகுலுக்கி போர்டின் மேல் ஏறினார், முதல் போல்ட்டைத் திருகினார், முக்கினார், வியர்த்தார்.

"சார், இறுக்குறீங்க. இடது பக்கம் திருப்புங்க" என்றாள் தையல்காரி.

எட்டு போல்ட். உள்ளங்கையில் தோல் உரிந்துவிட்டது. பதினைந்து லோகோவும் பன்னிரண்டு பேர் பிடியில் மெல்லச் சாய்ந்து மொட்டை மாடியில் மல்லாந்து படுத்தன. வெயில் பேனல்களில் பளீரென்று விழுந்தது. தையல்காரி மறுபடி சுவிட்சைப் போட்டாள். மோட்டார் உறுமியது. மேல்தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டதும் டிரைவர் சின்னப் பிள்ளை மாதிரி விசிலடித்தார். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாற்பத்தொரு படங்களில் ஒன்றில்கூடக் கைகுலுக்கி இவ்வளவு சந்தோஷமாக இல்லை.

அதிகாரி பன்னிரண்டு தாளிலும் கையெழுத்து போட்டுவிட்டு, "பரவாயில்லை, நல்லா கழட்டினீங்க" என்று அவரிடம் கை நீட்டினாள். அவர் தோலுரிந்த கையைக் கொடுத்தார். கேமரா இல்லை. முதன்முறையாக எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்தார். பார்த்தவர் சும்மா இருந்திருக்கலாம்.

"மேடம், உங்க தேர்வு வாரியமும் நம்ம மன்றமும் சேர்ந்து..."

"டேய்!" என்றாள் அக்கா.

பேனா பாதி வழியில் நின்றது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், சிரியுங்கள். ஆனால் உண்மையைச் சொல்லுங்கள். படித்துக்கொண்டு வரும்போதே, 'இது அருமையாக இருக்கிறதே, நம் சங்கமும் பக்கத்துத் தெருச் சங்கமும் சேர்ந்து இதைப் பற்றி ஒரு கூட்டம் போட்டால் என்ன?' என்று உள்ளே ஒரு குரல் கேட்டதா இல்லையா? கேட்டிருந்தால் சட்டைப் பையைக் கொஞ்சம் தடவிப் பாருங்கள். எத்தனை பேனா இருக்கிறது?