வத்தல்மலை மனுவும் முழு மதிப்பெண்ணும்

சாம்ராஜ்யங்கள் நிலைப்பது பிழையில்லாத ஸ்பெல்லிங்கால்தான் என்ற பேருண்மையை 1938ஆம் ஆண்டிலேயே கண்டுபிடித்த பெருமை, தர்மபுரிப் பக்கத்துச் சர்க்கார் கச்சேரி ஒன்றைச் சேரும். எந்தக் கச்சேரி என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் மற்ற கச்சேரிகள் பொறாமைப்படும்.

அங்கே தலைமைக் குமாஸ்தாவுக்குக் கீழே ஏழு குமாஸ்தாக்கள். அதிகாரி வாயால் சொல்லும் ஆங்கிலத்தைக் காதால் கேட்டுப் பிழையில்லாமல் எழுதும் 'டிக்டேஷன்' பரீட்சையில் தேறினால்தான் வேலை நிலைக்கும் என்று உத்தரவு வந்திருந்தது. அவர்களில் பச்சியப்பன் ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்டவன். மூன்றாவது முறையும் விட்டால் ஏரியூருக்குப் போய் அண்ணனுடைய மாட்டைத்தான் மேய்க்க வேண்டும். அந்த நினைப்பில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

பயிற்சிக்கு இருந்த ஒரே புத்தகத்தையும் கரையான் தின்றுவிட்டது. எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டிருந்த வேளையில்தான் வத்தல்மலை மனு வந்து சேர்ந்தது. மலையில் குளிர்ஜுரம், ஐந்து பேர் இறந்துவிட்டார்கள், கொயினா மாத்திரை அனுப்பிக் காப்பாற்ற வேண்டும் என்று தீர்த்தன் என்ற மலை விவசாயி கொடுத்த மனு அது. எழுதிக் கொடுத்தவர் கடைவீதி சர்தார் சாயபு. தமக்குத் தெரிந்த கடுமையான ஆங்கில வார்த்தைகளை எல்லாம் அவர் அதில் இறக்கி வைத்திருந்தார்.

தலைமைக் குமாஸ்தா ராஜாமணி அதைப் படித்துக் கண் கலங்கினார்.

"ஆஹா! இது மனுவா? பொக்கிஷமய்யா! வரிக்கு நாலு கஷ்டமான வார்த்தை!"

அன்று முதல் தினமும் காலை பதினொரு மணிக்கு அவர் மனுவை உரக்க வாசித்தார். ஏழு பேரும் எழுதினார்கள். ஒரு வாரம் கழித்துப் பச்சியப்பன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"ஏனுங்க, இத மேலாவுக்கு, பெரிய ஆபீசருங்களுக்கு அனுப்ப வேண்டாமுங்களா?"

"அனுப்பிட்டா அப்புறம் நான் எத வாசிக்கறது? நீ ஏரியூருக்குப் போறியா?"

பச்சியப்பன் பேனாவை மையில் தோய்த்தான்.

சந்தை நாள்தோறும் தீர்த்தன் மலையிறங்கி வந்து கச்சேரி வாசலில் நிற்பான். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் நடுநடுவே 'வத்தல்மலை', 'தீர்த்தன்' என்று காதில் விழும். விழும்போதெல்லாம் கைகூப்புவான். ஒருநாள் பச்சியப்பனிடம் ஒரு புட்டி மலைத்தேனை நீட்டினான்.

"சர்க்காருன்னா சர்க்காருதானுங்க! ஒருக்கா வாசிச்சுட்டுத் தூக்கிப் போடல. நான் வர்றப்பல்லாம் வாசிக்கறீங்க, ஏழு பேரும் குனிஞ்ச தல நிமிராம எழுதறீங்க. இப்ப எம் பொஞ்சாதி செல்லியும் படுத்துட்டாளுங்க. மாத்தர வந்துருமுன்னு அவளுக்குச் சொல்லி வெச்சிருக்கேன்."

பச்சியப்பனுக்குச் சுருக்கென்றது. பரீட்சைக்கு இன்னும் பதினைந்தே நாள்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு தேனை வாங்கிக்கொண்டான்.

பரீட்சை நடத்த வந்த அதிகாரி தம் புத்தகத்தைச் சேலத்திலேயே மறந்துவிட்டார். ராஜாமணி மேஜைமேல் இருந்த காகிதத்தைப் பணிவோடு நீட்டினார். எந்தக் காகிதம் என்று சொல்லத் தேவையில்லை. ஏழு பேரும் முழு மதிப்பெண்! உருகிப்போன அதிகாரி, விடைத்தாள்களோடு மனுவையும் சேர்த்துக் கட்டி எடுத்துச் சென்றார். இரண்டு மாதத்தில் அந்தக் கச்சேரி அந்த மனுவை முந்நூறு முறைக்குக் குறையாமல் நகல் எடுத்திருந்தது. ஒரு நகல்கூட மேலாவுக்குப் போகவில்லை.

லட்டு விநியோகம் நடக்கும்போது தீர்த்தன் வந்தான். பச்சியப்பன் வாயிலிருந்த லட்டை அவசரமாக விழுங்கினான்.

"மனு பரீட்சக் கட்டோட போயிருச்சு தீர்த்தா. கவலப்படாத, எனக்கு மனப்பாடம். இப்பவே எழுதி இன்னிக்குத் தபால்லயே அனுப்பிடறேன்."

தீர்த்தன் வாசற்படியிலேயே உட்கார்ந்தான்.

"எழுதுங்க சாமி. செத்தவங்க அஞ்சு பேருன்னு அதுல இருக்கும். பதினொண்ணுன்னு மாத்திக்குங்க. செல்லியையும் சேத்துத்தான் சொல்றனுங்க."

பச்சியப்பன் மாற்றி எழுதினான். ஸ்பெல்லிங்கில் ஒரு பிழை இல்லை.