மொட்டைமாடியில் ஒரு சம்பந்தம்

நாலே இலைதான். ஆனால் நாலு இலையின் நுனியிலும் வால் இருந்தது. அந்த வாலைப் பார்த்ததும் தமிழ்மாறனுக்கு அது என்னவென்று தெரிந்துபோனது.

அரசங்கன்று. அதுவும் அவருடைய புல்லுக்கு நட்ட நடுவில்.

மந்தைவெளியில் எட்டே வீடுகள் கொண்ட அடுக்ககம் அது. தமிழ்மாறன் அதன் சங்கச் செயலாளர். மொட்டைமாடி முழுக்கப் புல்கூரை போட்டவரும் அவர்தான். முதலில் தண்ணீர் இறங்காத பூச்சு, அதன்மேல் வேரைத் தடுக்கும் ஷீட், அதன்மேல் தண்ணீரை வடிக்கும் ஷீட், அதற்கும் மேலே தேங்காய்நார்த் தூள் கலந்த அரை அடி மண், உச்சியில் புல். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த வரிசையைச் சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார்.

இத்தனைக்கும் அவர் வீடு தரைத்தளம். மொட்டைமாடி வெயிலுக்கும் அவருக்கும் ஒரு ஒட்டுறவும் இல்லை. ஆனால் ஐம்பத்திரண்டு வருட வாழ்க்கையில், தானே ஆரம்பித்துத் தானே முடித்த காரியம் என்று சொல்லிக்கொள்ள அவரிடம் இது ஒன்றுதான் இருந்தது.

அதற்கும் ஆபத்து வந்துவிட்டது. சங்கத் தலைவி அன்புக்கரசிக்கு அங்கே ஷட்டில் கோர்ட் வேண்டுமாம்.

"ஞாயித்துக்கிழமை இன்ஜினியர் வர்றாரு. கட்டடத்துக்கு ஆபத்துன்னு அவர் ஒரு வார்த்தை சொல்லட்டும், திங்கக்கிழமை உங்க புல்லு குப்பை லாரியில" என்று அவள் கூட்டத்திலேயே சொல்லியிருந்தாள்.

இன்று வியாழன். அரசு எப்பேர்ப்பட்ட கட்டடத்தையும் பிளந்துவிடும் என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். இன்ஜினியருக்குத் தெரியாதா? காக்கை எச்சத்தில் வந்த சனியன், யாரும் பார்ப்பதற்குள் பிடுங்கிவிடலாம் என்று குனிந்து கன்றில் கை வைத்தார்.

"அடப்பாவி! அது அரசுடா! கையை எடு!"

மேல்தளத்துக் கோமளம் மாமி. கையில் வடாம் மாவுப் பாத்திரம்.

"மாமி, இதோட வேர் தளத்தைப் பொளந்துடும்."

"பொளக்கட்டுமே. தளம் போனா சிமென்ட் வெச்சுப் பூசலாம். பாவம் வந்தா எதை வெச்சுப் பூசுவே?"

அந்தச் சூட்டோடு மாமி தன் ஆத்துக்குப் போய் மஞ்சள் கயிறு கொண்டுவந்து கட்டிவிட்டார். குங்குமம் வைத்தார். அரை டம்ளர் பாலும் ஊற்றினார்.

மத்தியானமே, புல் போட்டுக்கொடுத்த தோட்டக்காரர் அம்மாசியைக் கூப்பிட்டனுப்பினார் தமிழ்மாறன். வந்தவர் கன்றைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார்.

"இன்னா சார், மஞ்சக் கவுறு கட்டிக்கீது?"

"அது சும்மா கட்டினது அம்மாசி. நீ எடு."

"நா மாட்டேம்பா. எம் பொண்ணு முழுவாம கீறா. இந்த நேரத்துல அரசுல கை வெக்கச் சொல்றியே, நல்லாக்கீதா உனுக்கு?"

"வேற வழியே இல்லையா?"

அம்மாசி தாடையைச் சொறிந்தார். "ஒண்ணு கீது. ஒண்டிக்கட்டையா நிக்கற அரசத்தான் நவுத்தக் கூடாது. வேம்போட ஜோடி சேத்துட்டன்னு வெய்யி, அப்பால எங்க வோணாலும் தனிக்குடித்தனம் வெக்கலாம். எங்க ஏரியாவுல அப்டித்தான்."

தமிழ்மாறனுக்கு இது நியாயமாகவே பட்டது. நாலு மணிக்கெல்லாம் அடையாறு நர்சரிக்குப் போய், ஸ்கூட்டரில் இரண்டு காலுக்கும் நடுவே ஒரு வேப்பங்கன்றை இடுக்கிக்கொண்டு திரும்பினார். அரசுக்குப் பக்கத்தில் நட்டார். நட்டு நிமிர்ந்தபோதுதான் உறைத்தது: ஒரு மரத்தை ஒழிக்கப் புறப்பட்டவர் இரண்டாக்கி வைத்திருக்கிறார்.

"பேஷ்! பொண் வந்தாச்சு" என்றார் மாமி. "சனிக்கிழமை கார்த்தால முகூர்த்தம் வெச்சுண்டுடலாம்."

"முடிஞ்ச உடனே ரெண்டையும் ஏதாவது பார்க்குக்கு அனுப்பிடலாம்ல மாமி?"

"தாலி கட்டின கையோட யாராவது ஜோடியைத் துரத்துவாளா? ஒரு மண்டலம் ஆகட்டும்."

மண்டலம் நாற்பத்தெட்டு நாள். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள். எப்படிக் கழித்துப் பார்த்தாலும் கணக்கு உதைத்தது.

வெள்ளிக்கிழமை காலை, மாமியின் எதிர்வீட்டு அப்துல் வஹீத்தைப் படிக்கட்டில் மடக்கினார். வஹீத் பாய்க்குத் திருவல்லிக்கேணியில் ஜரிகைக் கடை.

"பாய், உங்களுக்கு இந்த அரசு, வேம்பு சாங்கியமெல்லாம் கிடையாது. யாரும் பாக்காதப்ப நீங்க லேசா ஒரு இழு இழுத்தீங்கன்னா..."

வஹீத் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "நல்லா இருக்கு சார் உங்க ஐடியா! அரசமரத்தப் புடுங்கினது யாருப்பான்னா வஹீத் பாய்னு சொல்லணுமா? சாயங்காலமே டிவில நாலு பேரு உக்காந்து கத்துவான்."

"புடுங்க வேணாம் பாய். தொட்டிக்கு மாத்த ஒரு கை புடிங்க, போதும்."

"கல்யாண வீட்டுல பூந்து மாப்பிள்ளையத் தூக்கச் சொல்றீங்க. நான் அந்த மாதிரி ஆள் இல்ல சார்."

போனவர் மாலையில் கடையிலிருந்து ஒரு முழ ஜரிகைத் துணியோடு வந்தார். "மாப்பிள்ள வெறுங்குச்சியா நிக்குது, பாக்கச் சகிக்கல" என்று அரசுக்குச் சுற்றிவிட்டார்.

அதற்குள் லிஃப்டில் அழைப்பிதழ் ஒட்டியிருந்தது. கீழ் வரியைப் படித்த தமிழ்மாறன் நேராக மேல்தளத்துப் பொத்தானை அழுத்தினார். பெண் வீட்டார்: திரு. தமிழ்மாறன், தரைத்தளம்.

"மாமி, நான் எப்படிப் பொண் வீடு?"

"வேம்பை அழைச்சுண்டு வந்தது யாரு? நானா?"

சனிக்கிழமை காலை பத்தரை மணி. எட்டு வீடும் மாடியில் இருந்தது. சண்டை போடும் முகத்தோடு கடைசியாக வந்தாள் அன்புக்கரசி.

"செருப்பைக் கழட்டிட்டு வா, மணவறை" என்றார் மாமி.

கழற்றினாள். வெறுங்காலைப் புல்லில் வைத்தாள். குனிந்து புல்லைத் தொட்டுப் பார்த்தாள். "என்ன இது, வெயில் இந்தப் போடு போடுது, கால் சுடவே இல்ல?"

அதற்காகவே காத்திருந்தவர்போல் தமிழ்மாறன், "முதல்ல ஒரு பூச்சு, அதுக்கு மேல ஷீட்..." என்று தொடங்கினார். மாமி அவரை ஒரு பார்வையில் அடக்கினார்.

"உன் பிள்ளைக்கு முப்பத்தஞ்சாறதே அன்புக்கரசி? மொத அட்சதை நீ போடு. வர தையில உங்காத்துலயும் கொட்டுமேளம்."

அன்புக்கரசி அட்சதை போட்டாள். போட்டதோடு நிற்காமல் ஒன்பது சுற்றும் சுற்றினாள்.

கன்னிகாதானம் செய்யும்போது தமிழ்மாறனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்கே எரிச்சலாக இருந்தது. வளர்த்ததென்னவோ இரண்டு நாள்தான்.

ஞாயிறு வந்தது. இன்ஜினியரும் வந்தார். மாமி வீட்டுக் கூரையையும் பாய் வீட்டுக் கூரையையும் உள்ளிருந்து தட்டிப் பார்த்தார். மேலே வந்து மண்ணைக் கிளறினார், வடிகால் வாயில் கைவிட்டுத் துழாவினார். தமிழ்மாறன் பின்னாலேயே நடந்தார்.

"ஒழுகல் இல்ல, ஈரம் இல்ல. அருமையா போட்டிருக்கீங்க" என்றார் இன்ஜினியர். பிறகு ஜரிகை கட்டிய மாப்பிள்ளையைப் பார்த்தார். "ஆனா இது என்ன? நீங்க போட்டிருக்கற ஷீட் புல்லு வேரைத்தான் தடுக்கும். அரசுக்கு அது அப்பளம். இந்த மரத்தை எடுத்தாகணும். இல்லேன்னா மொத்தத்தையும் எடுக்கணும்."

தமிழ்மாறன் கண்ணை மூடிக்கொண்டார். குப்பை லாரியின் சத்தம் காதில் கேட்டது.

"எடுக்கறதா?" அன்புக்கரசியின் குரல் கீச்சிட்டது. "நேத்து அட்சதை போட்ட கை ஈரம் காயல. என் பையனுக்கு இன்னிக்குக் காலைலதான் ஒரு ஜாதகம் வந்திருக்கு. யாராவது ஒரு மண்வெட்டி இந்த மாடிக்குக் கொண்டு வாங்க பாக்கலாம்!"

இன்ஜினியர் இரண்டடி பின்வாங்கினார். "அப்போ தூணுக்கு நேர் மேல பெரிய சிமென்ட் தொட்டி வெச்சு ரெண்டையும் அதுல மாத்திடுங்க. வருஷா வருஷம் வேரைக் கழிச்சு விடணும். தொட்டியைச் சுத்தி இந்தப் புல்லு?"

"புல்லு இருந்துட்டுப் போகட்டும். புது ஜோடியைக் கொதிக்கிற தரையிலயா நிறுத்துவாங்க?" என்றாள் அன்புக்கரசி.

"ஷட்டில்?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டார் தமிழ்மாறன்.

"பீச்சுல போய் ஆடுறேன்" என்று இன்ஜினியரின் அறிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கிப் போனாள் அன்புக்கரசி.

தமிழ்மாறன் மேல்தளப் படிக்கட்டில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மூன்று நாளாகத் தொட்டதிலெல்லாம் தோற்றவர், கடைசியில் எப்படி ஜெயித்தார் என்று அவருக்கு விளங்கவில்லை.

கதவைத் திறந்துகொண்டு வஹீத்தின் மனைவி ஷாகிரா ஒரு கிண்ணம் ஃபிர்னிப் பாயசத்தோடு வந்தார். "சம்பந்தி வீட்டுக்காரரு இப்படியா உக்காந்திருப்பாங்க? சாப்பிடுங்கண்ணா."

"எனக்கு ஒண்ணும் புரியலம்மா. எங்கிருந்தோ பறந்து வந்த ஒரு காக்கா எச்சம் போட்டு, அதுல ஒரு விதை முளைச்சு..."

"காக்காவா?" ஷாகிரா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "புல்லு போச்சுன்னா மேல்தளத்துல நாங்க ரெண்டு வீடும் வெந்துடுவோம்ல? கன்னு மாமி கொண்டாந்தது, குழி எங்க வீட்டுக்காரர் தோண்டினது, உங்ககிட்ட மட்டும் சொல்ல வேணாம்னுட்டாங்கண்ணா, உங்களுக்குப் பொய் சொல்ல வராதாமே!"