அலுமாரிக்குள் அலறிய பெட்டி

ஒரு ஸ்பீக்கர் பெட்டியின் குரலைப் பிடிக்கப் போய், நானே பிடிபடப் பார்த்தவன் நான். இன்று சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அன்று எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

யுத்தத்தின் கடைசி வருடங்கள் அவை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலையில் வாடகை வீட்டில் இருந்தோம். அப்பாவுக்குப் பேராதனையில் வேலை. எனக்கு இருபத்திரண்டு வயது, தோள்வரை முடி, கையில் ஒரு மின்சாரக் கித்தார். (கித்தார் இன்னும் இருக்கிறது.)

அயலவருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில், கணினிக்குள் இருக்கும் டிஜிட்டல் அம்ப் என்ற ஒலிபெருக்கி மென்பொருளில்தான் வாசித்தேன். சத்தம் தகரத்தைச் சுரண்டுவது போல வந்தது. இணையத்தில் தேடியபோது காரணம் கிடைத்தது. கித்தார் அம்பின் இனிமையில் பாதி, அதோடு சேர்ந்த ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து வருகிறதாம். உண்மையான பெட்டி ஒன்றுக்குள், அடித்தொண்டையில் தொடங்கி விசில்வரை ஏறும் ஒரு சத்தத்தை அனுப்பி, அதை மைக்கில் பதிந்து கொடுத்தால் போதும். அந்தப் பெட்டியின் குணத்தைக் கணினி பிடித்துக்கொள்ளும்.

வத்தேகமயில் கல்யாண வீடுகளுக்கு வாசிக்கும் நண்பன் செல்வம், தன் பெட்டியை ஓட்டோவில் கொண்டுவந்தான். மழை தூறியதால் போர்வையால் மூடியிருந்தான். “பத்திரமா பாத்துக்க, சாயங்காலம் வந்து எடுத்துக்கிறேன்” என்றுவிட்டுப் போனான். பட்டப்பகலில் இரண்டு தமிழ் இளைஞர்கள் பாரமான பெட்டியொன்றைப் போர்வையால் மூடி வீட்டுக்குள் தூக்கிப் போனால் தெரு என்ன நினைக்கும்? இந்தக் கேள்வி என் மேதாவித் தலைக்குள் எழவே இல்லை.

அறையின் எதிரொலி கலக்கக் கூடாது என்று படித்திருந்தேன். ஆகவே பெட்டியை அலுமாரிக்குள் தள்ளி, சுற்றிவர அம்மாவின் சேலைகளைத் திணித்தேன். மைக்கை ஸ்பீக்கரின் நட்டநடுவில் வைத்துக் கட்டினேன். ஊம்ம்ம் என்று தொடங்கிய சத்தம் பத்து விநாடியில் வீடு அதிர ஏறி, வீல் என்று முடிந்தது. திருப்தி வராமல் ஐந்து முறை செய்தேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து, “தம்பி, இது சைரன் மாதிரியெல்லோ கிடக்கு” என்றார். இது விஞ்ஞானம் என்று அவருக்கு விளக்கினேன்.

அரை மணித்தியாலத்தில் ஒரு சார்ஜன்டும் துப்பாக்கியோடு ஒரு கான்ஸ்டபிளும் வந்தார்கள். தெருவில் ஆட்கள் கூடிவிட்டார்கள்.

சார்ஜன்ட் அலுமாரியைத் திறந்தார். சேலைகளுக்கு நடுவே ஒரு கறுப்புப் பெட்டி, அதிலிருந்து வயர்கள். கான்ஸ்டபிள் இரண்டடி பின்னால் போனார். கிழக்கில் வேலை செய்தபோது கொஞ்சம் தமிழ் பழகியிருந்த சார்ஜன்ட், பெட்டிக்குள் என்ன என்று கேட்டார்.

“சத்தம், சேர்” என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அவர் முகம் இறுகியது.

அம்மா என் அடையாள அட்டையை நீட்டி, “என்ர பிள்ளை கித்தார் அடிக்கிறவன், சேர். வேற ஒண்டும் தெரியாது” என்றார். அப்படியென்றால் அடித்துக் காட்டச் சொன்னார் சார்ஜன்ட்.

சற்று முன் பிடித்த குரலை டிஜிட்டல் அம்போடு இணைத்து வாசித்தேன். காதைக் குத்தும் ஒரு கீச்சல் வந்தது. சார்ஜன்ட் தலையை ஆட்டினார்.

“இது கித்தார் இல்ல. இது காதுக்கிட்ட பாடுற நுளம்பு.”

ஜீப்பில் ஏறச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அந்த ஆண்டுகளில் அப்படி ஏறியவர்கள் எல்லோரும் பின்னேரத்துக்குள் திரும்பி வந்துவிடவில்லை. அந்தப் பயத்தில்தான் படித்த இன்னொரு வரி ஞாபகம் வந்தது. நடுவில் மைக் வைத்தால் கீச்சு கூடும். விளிம்புப் பக்கம் நகர்த்தினால் குரல் கனக்கும். இரண்டு அங்குலம் நகர்த்தி இன்னொரு முறை பதிய அனுமதி கேட்டேன். அந்தச் சத்தம் இன்னொரு முறை வரும் என்பதையும் சொன்னேன்.

சார்ஜன்ட் யோசித்தார். பிறகு வாசலுக்குப் போய், இப்போது மீண்டும் சத்தம் வரும், யாரும் பயப்பட வேண்டாம் என்று தெருவுக்குச் சிங்களத்தில் அறிவித்தார். கான்ஸ்டபிள் காதைப் பொத்திக்கொண்டார். பெட்டி ஆறாவது முறையாக அலறியது.

புதிய பதிவை இணைத்து ஒரே ஒரு ஸ்வரம் மீட்டினேன். தடித்து, உருண்டு, உண்மையான அம்ப் போல அறையை நிறைத்தது. என் காதுகளை என்னாலேயே நம்ப முடியவில்லை.

“ஹரி,” என்று சிங்களத்தில் ‘சரி’ சொன்னார் சார்ஜன்ட். “இப்ப கித்தார்.”

அம்மா அப்படியே கதிரையில் உட்கார்ந்து அழுதார். பிறகு எழுந்து தேத்தண்ணி போட்டார். ஹெவி மெட்டலைத் தவிர எல்லாம் குப்பை என்று திரிந்த நான், சார்ஜன்ட் கேட்டதற்காகச் சிங்களவர் ஆடிப் பாடும் பைலா வாசித்தேன். வேலை முடிந்து வந்த அப்பா கண்ட காட்சி அதுதான்: தேத்தண்ணி குடிக்கும் பொலிஸ், தாளம் போடும் துப்பாக்கிக்காரர், பைலா வாசிக்கும் மகன். வீடு மாறி வந்துவிட்டாரோ என்று கேற்றுக்குப் போய் இலக்கத்தைப் பார்த்துவிட்டு வந்தார்.

சார்ஜன்டிடமிருந்து அம்மா ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டார். வீட்டில் என்ன சத்தம் வரப்போனாலும் முதலில் அயலுக்கு அறிவிப்பார். யுத்தம் முடிந்து சில வருடங்களில் எனக்குக் கல்யாணம் நடந்தது. கெட்டிமேளத்துக்கு ஐயர் கை உயர்த்தியபோது மணமகனின் தாயைக் காணவில்லை. அவர் மண்டபத்து வாசலில் நின்று, தெருவில் போனவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:

“இப்ப ஒரு சத்தம் வரும். பயப்பிடாதேங்கோ. என்ர மகனுக்குத் தாலி கட்டு.”

தாலி கட்டுவது மகனுக்கா, மகன் கட்டுவதா என்று என் மனைவி இன்றும் அவரைக் கேலி செய்கிறாள்.