மிளகாய்ப் பருவத்தில் ஒரு பென்குவின்

இந்த வருஷம் ஒரு மிளகாயைக்கூட உரிப்பதில்லை என்று ரங்கேல் தீர்மானித்தபோது, பால்கனியில் முப்பது கிலோ மிளகாய் ஏற்கெனவே வந்து இறங்கியிருந்தது.

செப்டம்பர் முதல் சனிக்கிழமை. யாம்போல் நகரத்தில் அன்றைக்கு மிளகாய் சுடாத வீடு என்றால் அதில் ஆளே குடியில்லை என்று அர்த்தம். அந்த எட்டு மாடிக் கட்டடத்தில் முப்பத்திரண்டு பால்கனி. முப்பத்திரண்டிலும் புகை. ஒவ்வொன்றிலும் ஒரு சுஷ்கோபெக், அதாவது உள்வயிறெல்லாம் சுட்ட மண்ணாலான மின்சாரப் பானை. சிவந்த குடமிளகாய் ஒன்றை உள்ளே நிறுத்தி மூடினால் ஒன்றரை நிமிடத்தில் தோல் கருகி வெளியே வரும். ஒரு தடவைக்கு ஒன்றே ஒன்றுதான். இரண்டாவதாக ஒன்றைத் திணித்தால் இரண்டுமே வேகாது.

சுட்டதை உரித்து, அரைத்து, தக்காளியோடு கிண்டி, லூத்தெனிட்சா என்ற தொக்காக ஜாடியில் அடைப்பது வரைக்கும் எல்லாம் அவன் மனைவி நெதெல்காவின் ராஜ்ஜியம். அந்த ராஜ்ஜியத்தில் ஒரே ஒரு குடிமகன். அவனும் அடிக்கடி தப்பியோடுகிறவன். வருஷாவருஷம் அரை மணி நேரம் உரிப்பான். கை கழுவிவிட்டு வருகிறேன் என்று போகிறவன், கீழ்வீட்டு ஸ்பாஸோடு பீர் குடித்துவிட்டு, கடைசி ஜாடிக்கு மூடி போடும்போது திரும்பி வருவான்.

“ரங்கேல்! அந்தக் கீழ் டிராயரைக் காலி பண்ணு. ஜாடி மூடி வைக்க எடமில்லே.”

ரங்கேல் ஓடிவந்து டிராயரை மறைத்து நின்றான். வீடு முழுக்க அவளுடையது. கீழ் டிராயர் மட்டும் அவனுடையது. அதில் எதற்குமே பொருந்தாத பத்தொன்பது வயர்கள் இருந்தன. அவற்றுக்கு நடுவே, ஒரு பழைய காலுறைக்குள், உள்ளங்கை அகலத்தில் ஒரு கையடக்கக் கணினி. பதினொரு வருஷம் அதை வைத்துக்கொண்டுதான் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் கணக்கெடுத்தான். புதிய கருவிகள் வந்ததும் பழையதை அவனுக்கே பரிசாகக் கொடுத்துவிட்டார்கள். அதாவது அவர்கள் தூக்கிப் போட்டார்கள், இவன் எடுத்துக்கொண்டான்.

“அது குப்பை இல்லே நெதெல்கா. உயிரோட இருக்கு.”

“இருந்தா ஒரு வேலை செய்யச் சொல்லு, பாப்போம்.”

“செய்யும். உள்ள இருக்கிற பழைய சிஸ்டத்தை ஓரமா தள்ளிட்டு, மெமரி கார்டுலேர்ந்து லினக்ஸை ஏத்திட்டா போதும். புது மெஷின் தோத்துடும்.”

“நாலு வருஷமா ஏத்திக்கிட்டேதான் இருக்கே. லாரியில ஏத்தியிருந்தாகூட இந்நேரம் இஸ்தான்புல் போய்ச் சேந்திருக்கும்.”

சுஷ்கோபெக்குக்கு ஒரு நீள வயர் கடன் கேட்டு வந்த ஸ்பாஸ், வாசலில் நின்று சிரித்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பஸ்ஸைத் தவிர மற்ற எல்லாவற்றைப் பற்றியும் அவருக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு.

ரங்கேலுக்கு ரோஷம் வந்துவிட்டது. “பந்தயம் கட்டறியா?”

நெதெல்கா இடுக்கியைக் கீழே வைத்தாள். “கட்டறேன். மத்தியானம் பன்னண்டு மணிக்குள்ள அது ஓடணும். ஓடினா மட்டும் போதாது, இந்த வீட்டுக்கு உபயோகமா ஒரு வேலை செய்யணும். செஞ்சுட்டா டிராயர் உனக்கு. மிளகாயும் நீ உரிக்க வேணாம்.”

“இந்த வருஷம் மட்டுமா?”

“அது ஓடற வரைக்கும், வருஷாவருஷம்.”

“ஓடலேன்னா?”

“டிராயர்ல இருக்கறதெல்லாம் நாளைக்கு ஸ்பாஸ் அண்ணன் வண்டியில ஏறி பழைய சாமான் சந்தைக்குப் போயிடும். அந்தக் காலுறையோட.”

இருவரும் கை கோத்தார்கள். ஸ்பாஸ் தன் கையைக் கோடாலி மாதிரி ஓங்கி அந்தப் பிடியை வெட்டிப் பிரித்தார். மூன்றாவது ஆள் வெட்டிவிட்ட பந்தயத்திலிருந்து யாம்போலில் இதுவரை யாரும் பின்வாங்கியதில்லை.

நெதெல்கா பெருமூச்சு விட்டபடி பால்கனிக்குத் திரும்பினாள். “என்னோட மணிக் கடிகாரத்தையும் காணோம். தக்காளி மாதிரி இருக்குமே, முறுக்கிவிட்டா மணியடிக்குமே, அது. அது இல்லாம எத்தனை மிளகாய் கரியாகப் போகுதோ.”

ரங்கேல் அதைக் காதில் வாங்கவில்லை. மணி ஒன்பது.

முதல் தடங்கல் கார்டு. கடையில் இருந்ததிலேயே பெரிய கார்டாகப் பார்த்து வாங்கியிருந்தான். செருகினால் கருவி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“தம்பி, உன் மெஷின் அந்தக் காலத்து மனுஷன்,” என்றார் ஸ்பாஸ். “அண்டாவோட கொண்டுபோய் வெச்சா எப்படிச் சாப்பிடும்? சின்னக் கிண்ணத்துல குடு.”

வீட்டிலிருந்த ஒரே சின்னக் கார்டு நெதெல்காவின் பழைய கேமராவுக்குள் இருந்தது. கேட்டால் தரமாட்டாள் என்று நினைத்தான். உடனே எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

“ஸோசொபோல் கடற்கரையில எடுத்த போட்டோவெல்லாம் அதுல இருக்கு. முதல்ல அதைப் பத்திரமா வேற எடத்துல வை. ஒண்ணு தொலைஞ்சாலும் உன்னை அந்தக் கடல்லயே விட்டுட்டு வந்துடுவேன்.”

படங்களை வீட்டுக் கணினிக்கு மாற்றி வைத்துவிட்டுக் கார்டை இரண்டு பங்காகப் பிரித்தான். முன் பங்கு பழைய சிஸ்டம் படிப்பதற்கு, பின் பங்கு லினக்ஸ் குடியிருப்பதற்கு. கருவியில் செருகித் துவக்கினான். திரை கறுத்தது. மூலையில் லினக்ஸின் சின்னமான குட்டிப் பென்குவின் எட்டிப் பார்த்தது.

“வந்துடுச்சு! பென்குவின் வந்துடுச்சு!”

அந்த நிமிடம் நெதெல்கா அடுப்பில் பனித்ஸா என்ற பாலாடைக்கட்டி அடையை வைத்துச் சுவிட்சைப் போட்டாள். சுஷ்கோபெக் ஒரு பக்கம், அடுப்பு ஒரு பக்கம். பட்டென்று ஃபியூஸ் போய்விட்டது. பேட்டரி செத்துப்போன கருவி. வயரில் வரும் மின்சாரம்தான் அதற்கு மூச்சு. அதுவும் நின்றதும் பென்குவின் செத்தது.

“மிளகாய் சுடறப்ப அடுப்பைப் போடலாமா?” என்று கத்தினான்.

“மிளகாய் சுடறப்ப பென்குவின் வளக்கலாமா?” என்று பதில் வந்தது.

மின்சாரம் திரும்பியபோது கருவிக்கு எல்லாமே மறந்துபோயிருந்தது. தேதி கேட்டால் 2003 ஜனவரி ஒன்று என்றது. திரையின் நான்கு மூலையிலும் சிலுவை காட்டி, குச்சியால் தொடு, தொடு என்று குழந்தை மாதிரி அடம்பிடித்தது. தொட்டான். மறுபடி துவக்கினான். பென்குவின் வந்தது. எழுத்துகள் கடகடவென ஓடின. கடைசி வரியில் நின்றன. அசையவேயில்லை.

மறுபடி முயன்றான். அதே இடம். கார்டைத் துடைத்துப் போட்டான். அதே இடம். ஊதிப் போட்டான், திட்டிப் போட்டான், கண்ணை மூடிக்கொண்டு வேண்டிக்கொண்டும் போட்டான். அதே வரி, அதே இடம்.

மணி பதினொன்று நாற்பது. ஸ்பாஸ் எங்கிருந்தோ ஓர் அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து டிராயருக்குப் பக்கத்தில் வைத்தார்.

“அண்ணே, இன்னும் இருபது நிமிஷம் இருக்கு.”

“இருக்கட்டும் தம்பி. சும்மா அளவு பாக்கறேன்.”

பெட்டிக்குள் காலுறை கச்சிதமாகப் பொருந்தும் என்று ரங்கேலுக்கே தெரிந்தது. பதினொரு வருஷம். எத்தனை படிக்கட்டு, எத்தனை நாய்க்கடி. அதையெல்லாம் சந்தையில் எவனோ புரட்டிப் பார்த்து, இது என்ன கால்குலேட்டரா என்று கேட்பான்.

நெதெல்கா இடுக்கியோடு வந்து தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். “என்ன சொல்லுது?”

“கார்டைக் காணோமாம். பயந்து போய் நின்னுடுச்சு.”

“கார்டு உள்ளதானே இருக்கு?”

“இருக்கு.”

“காலையில நான் உன்னை எழுப்பறேன். கூப்பிட்டதும் எந்திரிச்சுடறியா?”

“அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?”

“கண்ணு முழிக்கவே உனக்குப் பத்து செகண்ட் ஆகுது. உடனே நான் ஐயோ ஆளைக் காணோம்னு அலறறேனா? காத்துக்கிட்டுதானே நிக்கிறேன்? இதையும் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லு.”

ரங்கேல் சிரித்தான். பாதியில் சிரிப்பு நின்றது. கார்டு மெதுவாகத்தான் விழிக்கிறது. அதற்குள் சிஸ்டம் வந்து கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஆளில்லை என்று அலறுகிறது. துவக்க வரியின் ஓரத்தில், பத்து செகண்ட் பொறு என்று ஒரே ஒரு சொல் சேர்த்தான்.

பென்குவின் வந்தது. எழுத்துகள் ஓடின, நின்றன. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஸ்பாஸ் சத்தமாக எண்ணினார். பத்து என்றதும் எழுத்துகள் மறுபடி ஓட ஆரம்பித்தன. எங்கும் முட்டாமல் கடைசிவரை ஓடி, ‘என்ன கட்டளை?’ என்பது போல் ஒரு சின்னக் கோடு கண் சிமிட்டியது.

தோற்கப் போகிறவள் எதற்காக உதவி செய்தாள் என்று ரங்கேல் அப்போது யோசித்திருக்க வேண்டும். ஜெயிக்கிறவனுக்கு யோசிக்க நேரம் ஏது?

“சரி, ஓடிடுச்சு,” என்றாள் நெதெல்கா. “உபயோகமான வேலை?”

அதை அவன் நினைத்தே பார்க்கவில்லை. மணி பதினொன்று ஐம்பத்தைந்து.

“தொண்ணூறு செகண்டுக்கு ஒரு தடவை கத்தச் சொல்ல முடியுமா?” என்று அவளே கேட்டாள், மிகவும் பணிவாக.

“அது என்ன பிரமாதம்!” ஒரே வரிதான். குச்சியால் குத்திக் குத்தி எழுதினான். கருவி ‘பீப்’ என்றது. ஸ்பாஸ் அட்டைப் பெட்டியை மடித்தார். பந்தயம் ஜெயம்.

“மிளகாய்க்கு அளவான நேரம்,” என்றாள் நெதெல்கா. “ஆனா வயரு யார் கால்லயாவது மாட்டிப் பிடுங்கிக்கிட்டா எல்லாம் மறந்துடுமே?”

“ஆமாமா. பக்கத்துல ஒரு ஆள் இருக்கணும்.”

“அதோட பாஷை தெரிஞ்ச ஆளா இருக்கணுமே.”

ரங்கேல் பெருமையோடு முக்காலியை இழுத்துப் போட்டு, சுஷ்கோபெக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“அது கத்தறப்ப சும்மாதானே உக்காந்திருப்பே? அப்படியே உள்ள இருக்கறதை எடுத்துட்டு அடுத்ததை வெச்சுடு.”

“உரிக்க மாட்டேன்.”

“ஐயோ, உரிக்கவே வேணாம். பந்தயம் பந்தயம்தான்.”

சாயங்காலம் ஆறேகாலுக்குக் கடைசி மிளகாய் வெளியே வந்தது. மத்தியானத்திலிருந்து அவன் சுட்டது மட்டும் இருநூற்று நாற்பத்து நான்கு. ஒன்றுகூடக் கரியாகவில்லை. கட்டடம் முழுவதிலும் இப்படி ஒரு பதம் பார்த்ததில்லை என்று ஸ்பாஸ் சான்று கொடுத்தார். ரங்கேலின் மீசை ஓரத்தில் மட்டும் கொஞ்சம் பொசுங்கியிருந்தது.

வெற்றியைக் கொண்டாட ராக்கியா என்ற பழச் சாராயம் வேண்டும். நெதெல்கா அதை மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைப்பது அவனுக்குத் தெரியும். கையை விட்டான். பாட்டிலோடு உருண்டையாக, சிவப்பாக இன்னொன்றும் வந்தது. தக்காளி. முறுக்கிப் பார்த்தான். கணீரென்று மணியடித்தது.

“நெதெல்கா! இது தொலைஞ்சு போச்சுன்னியே! நல்லாத்தானே ஓடுது?”

அவள் ஜாடிக்கு மூடி போட்டபடியே, தலையைத் திருப்பாமல் சொன்னாள்:

“ஓடறதுக்கு என்ன, எப்பவும் நல்லாத்தான் ஓடுது. பக்கத்துல உக்கார ஆள்தான் கெடைக்காம இருந்துச்சு.”