பசை காயாத பியானோ

வாழ்க்கையில் நான் சொன்ன மிகப் பெரிய பொய் ஒரே ஒரு வார்த்தைதான்: "தெரியுங்க."

1999இல் கொல்லிமலையில் ஒரு தனியார் பள்ளிக்குப் பாட்டு டீச்சர் வேலை கேட்டுப் போயிருந்தேன். "பியானோ வாசிக்கத் தெரியுங்களா?" என்றார் தாளாளர். எங்கள் காளப்பநாயக்கன்பட்டியில் நான் கிட்டத்தில் பார்த்திருந்த ஒரே வாத்தியம் கோயில் மேளம். ஆனாலும் கூசாமல் புளுகினேன். (வேலை கிடைக்காவிட்டால் வைகாசியில் மாமன் மகனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். நல்லவன்தான். ஆனால் கோழிப்பண்ணையை விட்டால் அவனுக்கு வேறு பேச்சே கிடையாது.)

"ஆண்டு விழாவுல ஒரு பாட்டு வாசிச்சுப் பாடுங்க. நல்லா வந்துச்சுன்னா நிரந்தரம் பண்ணிக்கலாம்" என்றார். இரண்டு மாதம் இருந்தது.

எஸ்டேட்டை விற்றுவிட்டுப் போன யாரோ பள்ளிக்குக் கொடுத்த பியானோ அது. முதல் நாள் ஒரு கட்டையை அழுத்தினேன். அம்மாடி! அந்தச் சத்தம் அறையை விட்டுப் போக மனசில்லாமல் சுற்றிச் சுற்றி நின்றது. ஒரு விரலுக்கே இவ்வளவா என்று வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தேன். பயமாகவும் இருந்தது, அழுகையும் வந்தது.

கேசட்டில் கேட்ட ஒரு துள்ளல் பாப் பாட்டைத் தேர்ந்தெடுத்தேன். கர்வம்! அதில் தாளம் விழ வேண்டிய இடத்தில் விழாது. அரையடி தள்ளி, குறும்புப் பிள்ளை மாதிரி வந்து குதிக்கும். கை சரியாகப் போனால் வாய் நின்றுவிடும், வாய் பாடினால் கை ஊமையாகிவிடும். கடைசியில் காகிதத் துண்டுகளில் நம்பர் எழுதிக் கட்டைகளில் ஒட்டி, ரேஷன் கார்டு நம்பர் மாதிரி பாட்டை மனப்பாடம் செய்தேன்.

விழா அன்று காலையில் நம்பர்கள் அழுக்காகத் தெரிந்தன. பசைக்கு எங்கே போவது? மலையில் பஞ்சமே இல்லாத மரவள்ளி மாவைக் காய்ச்சி, புதுத் துண்டுகளைத் தாராளமாக ஒட்டினேன். அன்று பார்த்து மூடுபனி. பசை காயவே இல்லை.

மேடை ஏறினேன். முதல் வரி அமர்க்களம். இரண்டாவது வரியில் பார்த்தால் மூன்றாம் நம்பர் என் கட்டை விரலில்! ஏழு சுண்டு விரலில்! உதறினால் ஐந்தும் வந்து ஒட்டிக்கொண்டது. அழுத்திய கட்டைகள் வேறு மேலே எழும்ப மறுத்தன. போச்சு, வைகாசி வந்துவிட்டது என்று கைகளைத் தூக்கியபடி சிலையாக நின்றேன்.

முன் வரிசையில் இருந்த பாப்பாத்தி என்பவர் எழுந்தார். மலையிலேயே திருப்புலி நாடு என்ற ஊரில் காடு வெள்ளாமை பார்ப்பவர், என் வகுப்புப் பையனின் அம்மா.

"ஏனுங்க டீச்சர், நின்னுட்டீங்க? வாயில பசை ஒட்டுலீங்களே. பாடுங்க, நாங்க தட்டறோம்!"

பாடினேன். அவர் தட்ட, பக்கத்தில் இருந்தவர் அரையடி தள்ளித் தட்டினார். ஓர் உரலில் இரண்டு பேர் மாற்றி மாற்றிச் சாமை குத்தும் அதே கணக்கு. அப்புறம் அரங்கத்திலிருந்த அத்தனை பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். இரண்டு மாதம் எனக்குப் பிடிபடாத அந்தத் தாளத்தை அந்தக் கைகள் சிரித்துக்கொண்டே போட்டன! உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அப்படி ஒரு சத்தத்தை அதற்குப் பிறகு இன்றுவரை நான் கேட்டதில்லை.

கைதட்டல் ஓய்ந்ததும் விரல்களில் நம்பரோடு தாளாளரிடம் போனேன். "மன்னிச்சுக்குங்க சார். எனக்குப் பியானோவே தெரியாதுங்க."

"அது இன்டர்வியூ அன்னைக்கே தெரியுங்க. இந்த ரூம்ல பியானோ எதுன்னு நான் கேட்டப்ப, நீங்க பீரோவைக் காட்டுனீங்க."

"அப்புறம் எதுக்குங்க சார் சேத்துனீங்க?"

"மலையேறி வரதுக்கு வேற ஒருத்தரும் விண்ணப்பம் போடலீங்களே!" என்றவர், நிரந்தர ஆணையை அந்த வாரமே கொடுத்தார்.

இதை நான் கல்யாணமான புதிதில் வீட்டுக்காரரிடம் சொல்லித் தொலைத்தேன். இன்றைக்கும் விசேஷ வீடுகளில் அவர் என்னை அறிமுகப்படுத்துவது இப்படித்தான்: "எங்கூட்டுக்காரிங்க. ஒரே ஆளு கலந்துக்கிட்ட போட்டியில, மயிரிழையில ஜெயிச்சவங்க!"