லூபஸுக்கு ஒரு பச்சைச் சாறு

டாக்டர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கும் நோயாளிகளைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். எனக்கு அது வராது.

லூபஸ் என்று தெரிந்தபோதுகூடப் பயத்தைவிட ஆர்வம்தான் அதிகம். நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி நம்மையே எதிரி என்று நினைத்துத் தாக்குமாம். (உடம்புக்கே என்னைப் பிடிக்கவில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?) மாத்திரையைத் தவறாமல் போட்டேன். வெயில் ஆகாது என்றதால் பெங்களூரு ஆஸ்டின் டவுன் கடைத்தெருவில் குடையும் முழுக்கைச் சட்டையுமாக நடந்தேன். அதோடு நின்றிருக்கலாம். தியான வகுப்பில் சேர்ந்து, கண்ணை மூடச் சொன்னதும் குறட்டை விட்டேன். பிறகு ஒரு வீடியோவில் அல்ஃபால்ஃபா என்ற பெயரைக் கேட்டேன்.

பெயரே வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்தது போல இருந்தது. மூட்டு வலி போகுமாம், எதிர்ப்புச் சக்தி பெருகுமாம். என்னைத் தாக்குவதே அந்தச் சக்திதான், அதை எதற்குப் பெருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. விதை வரவழைத்து, முளைகட்டி, தினமும் அரைத்துக் குடித்தேன்.

சில வாரங்களில், மாத்திரையில் அடங்கியிருந்த சிவப்புத் தடிப்பு கன்னத்தில் திரும்ப வந்தது. விரல்கள் வீங்கின. கெட்டதெல்லாம் வெளியேறுகிறது என்று வீடியோக்காரர் சொல்லியிருந்ததால் சந்தோஷப்பட்டேன். என் கணவர் ஜெரால்டு சந்தோஷப்படவில்லை. பிடிவாதமாக டாக்டரிடம் கூட்டிப்போனார்.

பிளாஸ்கில் சாற்றையும் எடுத்துப் போனேன். கிளினிக்கில் பக்கத்தில் ஓர் இளம்பெண். அவளுக்கும் லூபஸ். விடுவேனா? முளைகட்டும் முறை முதல் எல்லாம் விளக்கி, மூடியில் ஊற்றி நீட்டினேன். அவள் வாயருகே கொண்டுபோகும்போது டாக்டர் அறைக்கதவைத் திறந்தார். கன்னடக்காரர், எங்களிடம் தமிழில் பேசுவார்.

"என்னம்மா இது?"

"அல்ஃபால்ஃபா, டாக்டர். இயற்கை."

அவர் அந்தப் பெண்ணின் கையிலிருந்து மூடியை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"லூபஸ் இருக்கிறவங்க இதைத் தொடவே கூடாதும்மா. அடங்கியிருக்கிற நோயைக் கிளப்பி விட்டுடும்."

ஜெரால்டு அதற்குள் போனில் தேடியிருந்தார்.

"ஸ்டெல்லா, இதுக்குத் தமிழ்ல குதிரை மசால்னு பேராம். மாட்டுத் தீவனம்."

காத்திருந்தவர்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அந்தப் பெண் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

உள்ளே டாக்டர் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. ரத்தம், சிறுநீர் எல்லாம் பரிசோதிக்கச் சொன்னார். சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரியும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. வெயில் தாழ்ந்தபின் நடை, நல்ல தூக்கம், உடம்பு தாங்குகிற அளவு யோகா, இவையெல்லாம் தாராளமாகச் செய்யலாம், மாத்திரையை மட்டும் விடக்கூடாது என்றார். வாயில் போடுகிற எதைப் பற்றியும் முதலில் தன்னிடம் கேட்க வேண்டும் என்றும் சொன்னார். வீக்கம் வடிய மாதங்கள் ஆயின.

இப்போது கேட்டுவிட்டுத்தான் எதையும் செய்கிறேன். ஆனால் ஆர்வம் போகவில்லை. போன வாரம் ஏதோ ஒரு விதையைப் பற்றிப் படித்துவிட்டு, சாப்பாட்டு மேஜையில் மெல்லப் பேச்செடுத்தேன். ஜெரால்டு தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"இது எந்த மிருகம் சாப்பிடறது?"