மிதக்கும் வக்கீல்

வக்கீலைத் தேர்ந்தெடுக்க உலகத்தில் எத்தனையோ வழிகள் இருக்கலாம். எங்கள் நீதிமன்றத்துக்கு எதிரே ஒரே வழிதான் இருந்தது. தண்ணீரில் போட்டுப் பார்ப்பது. வக்கீலை அல்ல, அவருடைய விசிட்டிங் கார்டை. வக்கீலையே போட்டுப் பார்த்திருந்தால் நாட்டுக்கு ஏதாவது நன்மை விளைந்திருக்கும்.

நகலெடுக்கும் கடைக்கு மேலே, இரும்புப் படிக்கட்டு ஏறினால் தட்டு ஐயாவின் கூடம். காலை எட்டு மணிக்கே படிக்கட்டில் கால் வைக்க இடமிருக்காது. மகனைப் போலீஸ் பிடித்துப்போன அப்பா, புருஷனைப் பிடித்துப்போன மனைவி, மாப்பிள்ளையைப் பிடித்துப்போனதில் உள்ளூரச் சந்தோஷப்படும் மாமனார், எல்லார் கையிலும் டோக்கன். கதவில் ஒரு பலகை: "கைதானவருக்கு ஏற்ற வக்கீலைத் தண்ணீர் சொல்லும். செருப்பை வெளியே விடவும்." மூளையை வெளியே விடச் சொல்லி எழுதவில்லை. தேவைப்படவில்லை. வருகிறவர்கள் அதைக் கீழ்ப்படியிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் ஏறினார்கள்.

முறை மிக எளிது. குடும்பத்தார் ஐந்து வக்கீல்களின் கார்டு கொண்டுவர வேண்டும். குறைந்தாலோ, ஒன்று கசங்கியிருக்கிறது என்று தள்ளினாலோ, ஐயாவின் மச்சான் தன் சட்டைப் பையிலிருந்து கொடுத்து ஐந்தாக்குவார். பெரிய வெள்ளைத் தட்டில் தண்ணீர். தட்டு என்று பெயரே தவிர, ஒரு குழந்தையைக் குளிப்பாட்டலாம், அவ்வளவு ஆழம். ஐயா கார்டுகளைக் கவிழ்த்துப் போட்டு, ஒவ்வொன்றையும் விரலால் மூன்று முறை முக்கி, மேலே வெள்ளைத் துணியை மூடுவார். கால் மணி நேரம் குடும்பம் கண்ணை மூடி உட்கார வேண்டும். துணியை எடுத்தால் நான்கு கார்டு அடியில் கிடக்கும். ஒன்று மட்டும் மிதக்கும். மிதப்பவர்தான் வக்கீல்.

ஏழு மாதமாக மிதந்தவர் ஒரே ஆள். எப்போதும் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பதால் அவருக்குக் கூலிங் கிளாஸ் வக்கீல் என்று பேர். திருட்டு வழக்கா, கூலிங் கிளாஸ். அடிதடியா, கூலிங் கிளாஸ். உங்களுக்கும் எனக்கும் இதில் ஏதோ இடிக்கும். படிக்கட்டுக் கூட்டத்துக்கு இடிக்கவில்லை. "பாருங்க, எத்தனை பேருக்கு அவரே வர்றார்! எப்பேர்ப்பட்ட ராசிக்காரர்!" என்று வாயைப் பிளந்தார்கள்.

கேட்டவருக்கெல்லாம் ஜாமீன் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டமே சொல்லும் சின்ன வழக்குகள் உண்டு. அதில் ஜாமீன் கிடைத்தால் தட்டின் மகிமை. பெரிய வழக்கில் கிடைக்காவிட்டால் ஐயா ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"நடுவுல யாராவது கண்ணைத் திறந்தீங்களா?"

"ஆமாங்க ஐயா... ஒரு கொசு கடிச்சுது. லேசாத் திறந்துட்டேன்."

"அப்புறம் நான் என்ன பண்றது?"

ஆக மகன் சிறையில் இருப்பதற்குக் காரணம் வக்கீல் அல்ல, கொசு. அப்பா குற்ற உணர்ச்சியோடு அடுத்த டோக்கன் வாங்குவார்.

இந்தக் கூட்டத்துக்குள் ஒருநாள் அச்சகத்துப் பெண் வந்து சேர்ந்தாள். இரண்டு தெரு தள்ளி இருக்கும் அச்சகத்தில் அவளுக்கு வெட்டு இயந்திரத்தில் வேலை. இந்த வட்டாரத்து வக்கீல்களின் கார்டெல்லாம் அவள் கையால் வெட்டுப்பட்டவை. தாளை விரலால் தடவினால் அதன் கனத்தைச் சொல்லிவிடுவாள்.

அவள் தம்பி ஒரு டயர் கிடங்கில் கணக்கெழுதுகிறவன். கிடங்கில் சில டயர்களைக் காணோம். பூட்டு உடையவில்லை. சாவி மூன்று. ஒன்று முதலாளியிடம், ஒன்று முதலாளியின் மைத்துனனிடம், ஒன்று தம்பியிடம். மூன்று சாவியில் எது ஏழைச் சாவி என்று போலீஸுக்கு உடனே தெரிந்துவிட்டது. முந்தின நாள் மாலை தம்பியைக் கொண்டுபோய்விட்டார்கள். இன்று மூன்று மணிக்கு மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்துவார்கள்.

காலை ஒன்பது மணிக்கே அவள் நீதிமன்றத்துக்குள் போய் நான்கு வக்கீல்களிடம் பேசினாள். மூன்று பேர் "நான் பார்த்துக்கறேன், கவலையே படாதீங்க" என்றார்கள். ஒருவரும் தம்பியின் பேரைக்கூடக் கேட்கவில்லை. நான்காவது, முழங்கையில் சாயம் போன கறுப்புக் கோட்டு போட்ட வக்கீலம்மா.

"தம்பியை வெளிய கொண்டுவந்துருவீங்களா?"

"முயற்சி பண்றேன். உறுதி சொல்ல முடியாது. மத்த ரெண்டு சாவி யார்கிட்ட இருக்கு?"

அச்சகத்துப் பெண் சொன்னாள். வக்கீலம்மா எழுதிக்கொண்டார்.

"இந்த மாதிரி கேஸ் முன்னாடி நடத்தியிருக்கீங்களா?"

"நிறைய. சிலது ஜெயிச்சேன், சிலது தோத்தேன்."

"நீங்களே வருவீங்களா, ஜூனியரை அனுப்புவீங்களா?"

"ஜூனியர் வெச்சுக்க எனக்கு ஏதும்மா வசதி? நானேதான்." கோட்டை இழுத்து விட்டுக்கொண்டு எழுந்தார். "என்னை வைக்கிறதா வேண்டாமான்னு அப்புறம் முடிவு பண்ணுங்க. நான் இப்பவே ஸ்டேஷனுக்குப் போறேன். வெள்ளைத் தாள்ல கையெழுத்து கேட்டா போடாதேன்னு அவன்கிட்ட சொல்லணும். நீங்க ஜாமீன் நிக்க ஆள் தேடுங்க. வீட்டுப் பத்திரம் இருக்கிறவரா, மூணு மணிக்குள்ள."

வீட்டுப் பத்திரம் பெரியப்பாவிடம் மட்டும்தான் இருந்தது. பெரியப்பா எட்டு மணியிலிருந்து இரும்புப் படிக்கட்டில் இருந்தார்.

"உறுதி சொல்ல முடியாதா? இதைச் சொல்றதுக்கு ஒரு வக்கீலா?" என்று சீறினார். "தட்டு யாரைச் சொல்லுதோ அவர் வந்தாத்தான் நான் ஜாமீன் கையெழுத்துப் போடுவேன்."

"பெரியப்பா, நேரம் போகுது."

"நான் வளர்த்த பையன்மா. அவன் விஷயத்துல எவளோ ஒருத்தியை நம்பி நான் விளையாட முடியாது."

கிழவரின் கண் கலங்கியிருந்தது. பாசம் உண்மையானது. தட்டு ஐயாவின் தொழிலுக்கு மூலதனமே அந்தப் பாசம்தான். கல்நெஞ்சக்காரர்களை அவர் ஒருநாளும் ஏமாற்றியதில்லை.

அவர்களுக்கு இருபத்து மூன்றாம் டோக்கன். உள்ளே பத்தொன்பது நடந்துகொண்டிருந்தது. கூட்டம் கூடத்திலேயே உட்கார்ந்து பார்க்கலாம். எல்லாரும் பயபக்தியோடு தட்டைப் பார்த்தார்கள். அவள் ஐயாவின் மச்சானைப் பார்த்தாள். முடிந்ததும் மச்சான் அடியில் கிடந்த நான்கு கார்டையும் வழித்துக் கூடையில் எறிந்தார். மிதந்த கார்டை மட்டும் வேட்டியில் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அவள் கூடையிலிருந்து ஒரு கார்டை எடுத்துத் தடவினாள். ஊறித் தோசை மாவு மாதிரி கையில் பிசுபிசுத்தது. சாதாரண அட்டை. பிறகு மச்சானின் சட்டைப் பையைப் பார்த்தாள். போன வருஷம் அச்சகத்து மேஜைக்கு முன்னால் கூலிங் கிளாஸ் வக்கீல் நின்று சொன்னது ஞாபகம் வந்தது. "நல்ல பிளாஸ்டிக் ஷீட்ல போடுங்க. தண்ணியில போட்டாலும் ஒண்ணும் ஆகக்கூடாது." அந்த ஷீட்டை வெட்டியவளே அவள்தான்.

"பெரியப்பா," என்றாள் மெதுவாக. "அது பிளாஸ்டிக். மத்ததெல்லாம் அட்டை. அதான் மிதக்குது."

"சும்மா இரும்மா. தட்டு கோவிச்சுக்கும்."

கோபித்துக்கொள்ளும் தட்டைப் பற்றி அதற்குமேல் என்ன பேசுவது? அவள் எழுந்து இறங்கினாள். அச்சகத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போய், முக்கால் மணி நேரத்தில் ஐந்து கார்டோடு திரும்பினாள்.

இருபத்து மூன்றைக் கூப்பிட்டார்கள். மச்சான் கார்டுகளை வாங்கிப் பார்த்தார். மேலேயே கூலிங் கிளாஸ் வக்கீலின் பேர். ஆள் உள்ளேயே இருக்கிறார் என்று நிம்மதியாகி, மற்ற நான்கைப் புரட்டாமல் ஐயாவிடம் கொடுத்தார். நம்பிக்கை வந்ததும் சோதிப்பதை நிறுத்திவிடும் வியாதி மச்சானுக்கும் இருந்தது. இத்தனை மாதம் அந்தக் கூட்டத்தோடு பழகியதில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

முக்கினார். மூடினார். பெரியப்பா கண்ணை இறுக மூடி, மூச்சைக்கூட அளந்து விட்டார். அச்சகத்துப் பெண் கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள். சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டரை.

துணி விலகியது. நான்கு அடியில். ஒன்று ஜம்மென்று மிதந்தது.

ஐயா வழக்கம்போல அருள்வாக்கு சொன்னார். "சிங்கம்! இவர் இரவு பகலாக நீதிமன்றத்திலேயே வாழ்கிறவர். ஏழையிடம் எதையும் கேட்டு வாங்காதவர். இவர் குரல் கொடுத்தால் போலீஸே ஒதுங்கும். நீதிபதியே வண்டியை நிறுத்தி இவருக்கு வழி விடுவார்!"

"ஆஹா!" என்றது கூட்டம்.

"குடும்பத்தில் மூத்தவர் கார்டைத் திருப்பிப் படிக்கலாம்."

பெரியப்பா கார்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, உரக்கப் படித்தார். "வாய்தா, பி.ஏ., பி.எல். குற்றவியல் வக்கீல். நீதிமன்ற வாசல், இடது பக்கம்." தலையை நிமிர்த்தினார். "வாய்தாவா? அது அந்த வாசல்ல படுத்திருக்கிற நாயில்ல?"

அதேதான். கூப்பிட்டால் ஒருநாளும் அன்றைக்கே வராது என்பதால் வக்கீல்களே வைத்த பேர். ஐயா சொன்னதிலும் ஒரு பொய் இல்லை. இரவு பகலாக அங்கேதான் வாழ்கிறது. யாரிடமும் எதையும் கேட்டு வாங்காது, போடுவதைத் தின்னும். வாசலில் குறுக்கே படுத்துவிட்டால் நீதிபதியின் வண்டியே நின்றுதான் போகும்.

கூட்டம் சிரிக்கும் என்றுதானே எதிர்பார்க்கிறீர்கள்? நானும் அப்படித்தான் எதிர்பார்த்தேன். பின்வரிசையில் ஒரு மாமி பக்தியோடு கேட்டார்: "அந்த நாய் இப்ப வாசல்ல இருக்குமா? நேர்ல போய்ப் பார்க்கணுமா?"

ஐயா இந்தக் கயிற்றைத் தாவிப் பிடித்தார். "வாயில்லா ஜீவன் வழியாகவும் தண்ணீர் பேசும். இதற்குள் ஒரு சூட்சுமம்..."

"ஒரு சூட்சுமமும் இல்லைங்க," என்றாள் அச்சகத்துப் பெண். "நாயோட கார்டை நான் பிளாஸ்டிக்ல அடிச்சேன். உங்க வக்கீல் கார்டைச் சாதா அட்டையில அடிச்சேன். அவர் அதோ அடியில ஊறிட்டுக் கிடக்கார். பெரியப்பா, நான் சொல்றதையும் நம்ப வேண்டாம். உங்ககிட்ட பிளாஸ்டிக்ல ஏதாவது இருந்தா நீங்களே போட்டுப் பாருங்க."

பெரியப்பா சட்டைப் பையைத் தடவினார். ஒரு சீப்பு இருந்தது. தலையில் சீவ ஒன்றும் மிச்சமில்லாவிட்டாலும் முப்பது வருஷப் பழக்கம், விடவில்லை. அதைத் தண்ணீரில் போட்டார். விரலால் மூன்று முறை முக்கினார். மூன்று முறையும் எழுந்து வந்தது. நான்காவது முறை கோபத்தோடு அடிவரை அழுத்திவிட்டுக் கையை எடுத்தார். சீப்பு மேலே வந்து அவரைப் பார்த்து மிதந்தது.

"ஏங்க," என்றார். அவர் குரல் இப்போது வேறு மாதிரி இருந்தது. "என் சீப்பும் வக்கீல்தானா?"

முதலில் சிரித்தது அந்த மாமிதான். பிறகு கூடம் முழுக்கச் சிரித்தது. மச்சான் கதவுப் பக்கம் நகர்ந்தார். கொசுவால் மகனைச் சிறைக்கு அனுப்பிய அந்த அப்பா எழுந்து மச்சானின் சட்டைப் பையில் கையை விட்டார். ஒன்று, இரண்டு, ஏழு. ஏழும் கூலிங் கிளாஸ், ஏழும் பிளாஸ்டிக். எல்லாவற்றையும் தட்டில் கொட்டினார். ஏழு வக்கீல்கள் ஒரே நேரத்தில் மிதந்தார்கள்.

"நாலு மாசமா நான்தான் கண்ணைத் திறந்துட்டேன்னு அழுதுட்டிருந்தேனேடா," என்றார் அவர். பிறகு யாரும் சிரிக்கவில்லை. தட்டு ஐயா இறங்கிய வேகத்தில் இரும்புப் படிக்கட்டு வெகுநேரம் அதிர்ந்தது. கீழே வக்காலத்துத் தாளோடு காத்திருந்த கறுப்புக் கண்ணாடியையும் அதற்குப் பிறகு அந்தத் தெருவில் காணோம்.

மூன்று மணிக்கு வக்கீலம்மா எழுந்து, மூன்று சாவி இருக்கும்போது ஒரு சாவியை மட்டும் ஏன் பிடித்தீர்கள் என்று கேட்டார். ஜாமீன் கிடைத்தது. பெரியப்பா பத்திரத்தைக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

ஆனால் தம்பி ஒரு வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டிருந்தான். வக்கீலம்மா ஸ்டேஷனுக்குப் போவதற்கு முன்பே, காலை எட்டு மணிக்கு. பெரியப்பா டோக்கனுக்காகப் படிக்கட்டில் இடிபட்டுக்கொண்டிருந்த அதே எட்டு மணிக்கு. "யாராவது வந்திருந்தா போட்டிருக்க மாட்டேன் பெரியப்பா," என்றான் தம்பி. பெரியப்பா இன்னும் கையிலேயே இருந்த சீப்பை இரண்டாக ஒடித்தார். அந்தத் தாளில் என்ன எழுதிக்கொண்டு வருவார்களோ, இனி வழக்கு முழுக்க வக்கீலம்மா அதனோடு மல்லுக்கட்ட வேண்டும்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் எனக்கும் நிம்மதி. மறுநாள் காலை நீதிமன்ற வாசலில், இடது பக்கம், ஒரு சின்னக் கூட்டம். நடுவில் வாய்தா. அதன் மூக்குக்கு முன்னால் பிஸ்கட், பிஸ்கட்டைச் சுற்றி ஐந்து வக்கீல்களின் கார்டு. எதை முகர்கிறது என்று ஆறேழு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். பத்தடி தள்ளி, சாயம் போன கோட்டோடு வக்கீலம்மா நடந்து போனார். ஒருவரும் திரும்பி, "அம்மா, ஒரு நிமிஷம்" என்று கேட்கவில்லை.

வாய்தா பிஸ்கட்டைத் தின்றது. கார்டுகளின் மேல் காலை நீட்டிப் படுத்துத் தூங்கிவிட்டது. தனக்குச் சட்டம் தெரியாது என்று நாய்க்குத் தெரிந்திருந்தது. சுற்றி நின்றவர்களே, அது உங்களுக்கு எப்போது தெரியும்?